பேச்சு-மொழி நோயியலில் முதுகலை: பாடத்திட்டத்துக்கு முன் கிளினிக்கைப் பாருங்கள்

மொழியியலில் இளங்கலை முடித்து, ஐந்து வருடம் வேறு வேலை பார்த்த ஒருவர், பேச்சு-மொழி நோயியலில் முதுகலை படிக்க நினைக்கிறார். அவர் கேட்டது இவ்வளவுதான்: மருத்துவப் பின்னணி இல்லாமல் சமாளிக்க முடியுமா? இரண்டு வருடமும் குழந்தைகளுக்கு உச்சரிப்பு சொல்லித்தருவதுதானா? இத்தனை பல்கலைக்கழகங்களில் எதை எப்படித் தேர்ந்தெடுப்பது? 31 வயது தாமதமா?

நான் இதே படிப்பை முடித்து, பல வருடம் மருத்துவமனையில் வேலை செய்து, இப்போது மாணவர்களின் பயிற்சியை மேற்பார்வை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்விகளோடு யாராவது வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உச்சரிப்பு இந்தத் துறையின் ஒரு மூலைதான். இரண்டாம் வருடத்தில் என் ஒரு வாரம் எப்படி இருந்தது என்று சொன்னால் புரியும். திங்கள் காலை, மூன்று வயதாகியும் நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசாத ஒரு குழந்தை. மதியம், பக்கவாதத்துக்குப் பிறகு சொற்களை இழந்த ஒரு பெரியவர். செவ்வாய், குரல் கம்மிப்போய் வகுப்பெடுக்க முடியாத ஓர் ஆசிரியை. புதன், குறைமாதத்தில் பிறந்த ஒரு பச்சிளங்குழந்தை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் அதற்கு ஒத்துப்போகவில்லை. வெள்ளி, புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்துவிட்ட ஒருவர். கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு, வேறொரு வழியில் குரல் எழுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். ஐந்து பேருக்கும் தேவையான அறிவு ஒரே பட்டப்படிப்புக்குள் வருகிறது. அதனால்தான் அந்த இரண்டு வருடமும் அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

பெயரில் பேச்சு, மொழி என்று இரண்டு இருப்பதற்கும் காரணம் உண்டு. பேச்சு என்றால் ஒலிகளை உண்டாக்குவது. மொழி என்றால் சொல், வாக்கியம், பொருள், யாரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம். ஒன்று கெட்டு இன்னொன்று நன்றாகவே இருக்கலாம். ஏறத்தாழ 7 சதவீதக் குழந்தைகளுக்கு, அதாவது 30 பேர் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு பேருக்கு, செவிக்குறைவோ மூளைக் காயமோ இல்லாமலேயே மொழி வளர்ச்சிக் கோளாறு இருக்கிறது. இவர்களில் பலர் ஒலிகளைச் சுத்தமாக உச்சரிப்பார்கள். ஆசிரியர் நீளமான வாக்கியமாக ஒரு வேலை சொன்னால் பாதிதான் உள்ளே போகும். வெளியே பார்ப்பவர்களுக்கு அது கவனக்குறைவாகவோ சோம்பலாகவோ தெரியும். இந்தக் குழந்தைகள் கண்ணில் படாமலேயே பள்ளியை முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு இந்தத் துறையில் மிகவும் வருத்தம் தரும் விஷயம். அவர்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருந்தாலே பெரிய மாற்றம் வரும்.

சரி, உச்சரிப்புக்கே வருவோம். எளிதாகத் தோன்றும் அந்த இடத்திலேயே படிப்பு ஆழமாக இறங்கும். ஒரு நான்கு வயதுக் குழந்தைக்குக் ‘காய்’ என்பது ‘தாய்’ ஆகிறது, ‘கட்டு’ என்பது ‘தட்டு’ ஆகிறது, ‘பக்கம்’ என்பது ‘பத்தம்’ ஆகிறது. இன்னொரு குழந்தை ‘ச’ வரும் இடத்திலெல்லாம் நாக்கைப் பற்களுக்கு நடுவே நீட்டுகிறது. வீட்டில் இரண்டையும் மழலை என்றே சொல்வார்கள். ஆனால் முதல் குழந்தையின் நாக்கில் பிரச்சினை இல்லை. வாயின் பின்பக்கம் பிறக்கும் ஒலிகளையெல்லாம் முன்பக்கம் தள்ளும் ஒரு விதி அதன் மனதில் ஓடுகிறது. நாக்குப் பயிற்சி கொடுத்து அதை மாற்ற முடியாது. காயின் படத்தையும் தாயின் படத்தையும் முன்னால் வைத்து, குழந்தை எதைச் சொல்கிறதோ அதையே எடுத்துக் கொடுத்து விளையாட வேண்டும். கேட்டது ஒன்று, கையில் வந்தது வேறு என்று குழந்தையே திகைக்கும் நொடியில்தான் மாற்றம் தொடங்குகிறது. இரண்டாவது குழந்தைக்கு நாக்கை எங்கே வைப்பது என்பதே பாடம். ஓர் ஒலி மாறினால் பொருள் மாறும் சொல் இணைகளை நீங்கள் மொழியியலில் ஏற்கெனவே படித்திருப்பீர்கள். இங்கே அதுவே மருந்து. அதேபோல ழகரமும் றகரமும் பிந்தி வருபவை என்று தெரியாத ஒருவர், மூன்று வயதுக் குழந்தைக்குக் கோளாறு என்று எழுதிவிடுவார். எந்த ஒலி எந்த வயதில் வரும் என்ற அறிவு இல்லாமல் இந்த வேலையில் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

ஆக, மொழியியல் படித்தவராக நீங்கள் பின்தங்கியவர் இல்லை. ஒலிப்பியல், இலக்கணப் பகுப்பாய்வு, சர்வதேச ஒலிப்பெழுத்தில் (எந்த மொழியின் ஒலியையும் கேட்டபடியே குறிக்கும் எழுத்துமுறை) எழுதுவது ஆகியவற்றில் மற்றவர்கள் முதல் செமஸ்டரில் திணறும்போது நீங்கள் அவர்களுக்குச் சொல்லித்தருவீர்கள். நீங்கள் திணறப்போவது உடற்கூறியலில். அதை மறைக்க மாட்டேன்.

தலை, கழுத்து, மார்பு, மூளை, காது எல்லாவற்றையும் படிக்க வேண்டும். மனப்பாடம் என்று நினைத்தால் வெறுத்துவிடும். ஏன் படிக்கிறோம் என்று தெரிந்தால் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிடித்துப்போன இடம் ஒரு நரம்பு. குரல் நாண்களை அசைக்கும் இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. கழுத்தைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. அதனால் மார்புக்குள் வளரும் ஒரு கட்டி, முதன்முதலில் வெறும் குரல் கரகரப்பாக வெளியே தெரியலாம். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் குரல் காற்றாகப் போவதற்கும் இந்த நரம்பு தைராய்டை ஒட்டி ஓடுவதுதான் காரணம். காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் கரகரப்போடு ஒருவர் வந்தால், மருத்துவர் குரல்வளையைக் கருவி வைத்துப் பார்க்கும் முன் குரல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. இப்படிப் படித்தால் மறக்காது.

மூளையும் மொழியும் பற்றிய பாடம் எல்லோரும் ஆவலோடு காத்திருப்பது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓர் அசையைத் தவிர ஏறக்குறைய எதையுமே சொல்ல முடியாத ஒரு நோயாளியின் மூளையை, அவர் இறந்த பிறகு ஆராய்ந்து, அதன் இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் காட்டினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற இன்னொரு மருத்துவர் வேறு வகையான நோயாளிகளைப் பற்றி எழுதினார்: சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. இந்த இரண்டு இடங்களையும் காட்டும் படம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நிஜ நோயாளிகள் அந்தப் படத்துக்குள் எவ்வளவு அரிதாக அடங்குவார்கள் என்பதைப் படிக்கத்தான் மீதி செமஸ்டர். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த மொழி இழப்பு, அதாவது அஃபேசியா, வருகிறது. அறிவு அப்படியே இருக்கும். சொல்லுக்கான வழிதான் அடைபட்டிருக்கும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கடைசியில் சொல்லப்போகும் தேர்வு ஆலோசனை இதிலிருந்துதான் வருகிறது. பயிற்சியின் முதல் மாதம். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரோடு அரை மணி நேரம் பேசினேன். கேட்டதற்கெல்லாம் தலையாட்டி ‘ஆமா’ என்றார், நான் சிரித்தபோது சிரித்தார். புரிதல் நன்றாக இருக்கிறது என்று குறிப்பு எழுதினேன். என் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு மறுபடி அவர் படுக்கைக்குப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் போலவே கனிவாக, “ஐயா, நாம இப்ப விமானத்துலயா இருக்கோம்?” என்று கேட்டார். அதே தலையாட்டல், அதே ‘ஆமா’. பெரியவர் என் குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகத்தையும் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பதில் தந்திருக்கிறார். சொற்கள் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை. நான் எழுதிய குறிப்பை நம்பி யாராவது அவரிடம் ஒரு சிகிச்சைக்குச் சம்மதம் வாங்கியிருந்தால், அது சம்மதமே ஆகியிருக்காது. மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. ‘ஆமா’, ‘இல்லை’ இரண்டும் பதிலாக வர வேண்டிய கேள்விகளைக் கலந்து எப்படிக் கேட்பது, முகத்தில் குறிப்புக் காட்டாமல் எப்படிக் கேட்பது என்று அந்த வராந்தாவிலேயே நின்று இருபது நிமிடம் சொல்லித்தந்தார். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை நான் ஏற்கெனவே படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

விழுங்குதல் பலரும் எதிர்பார்க்காத பாடம். பேசப் பயன்படும் அதே நாக்கு, அதே தொண்டை, அதே நரம்புகள்தானே விழுங்கவும் பயன்படுகின்றன. அதனால் இதுவும் நம் பொறுப்பு. பெரியவர்களுக்கான மருத்துவமனையில் சேர்ந்தால் வேலையில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமல் வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். நரம்பு பாதித்தவர்களில் சிலருக்கு இருமலே வராது. அமைதியாக உள்ளே இறங்கி நிமோனியா வரை கொண்டுபோகும். படுக்கைக்கு அருகில் நின்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே காணொளியாகப் பார்க்க வேண்டும், அல்லது மூக்கு வழியாக மெல்லிய காமிராவை இறக்கித் தொண்டையைப் பார்க்க வேண்டும். அந்தக் காணொளிகளை நொடி நொடியாக நிறுத்திப் படிக்கக் கற்பது ஒரு தனித் திறமை. உணவும் பானமும் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை சர்வதேச அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. ஒருவர் வாயால் சாப்பிடலாமா கூடாதா என்று பரிந்துரைக்கும் பொறுப்பு 25 வயது மாணவர் மீது வந்து இறங்கும்போது கை நடுங்கத்தான் செய்யும். நடுங்குவது நல்லது என்று நான் மாணவர்களிடம் சொல்வேன்.

ஆய்வு முறையும் நெறியும் சலிப்பான பாடங்கள் என்று சிலர் தள்ளிப்போடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1939இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை ஆய்வேடு எழுதப்பட்டது. பேச்சுக் கோளாறு அறிஞரான வெண்டல் ஜான்சன் அதற்கு வழிகாட்டி. அனாதை இல்லத்தில் இருந்த 22 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வில், இயல்பாகப் பேசிய சில குழந்தைகளிடம் அவர்கள் பேச்சு சரியில்லை, திக்குகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அவர்களில் சிலர் பேசுவதற்கே கூச ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகம் 2001இல் மன்னிப்புக் கேட்டது. அதைச் செய்தவர்களும் திக்குவாய்க்குக் காரணம் தேடியவர்கள்தான். நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இந்தத் துறைக்குள்ளேயே இருக்கும் சான்று இது.

இன்னொன்று, பேச முடியாத ஒருவரின் கையை வேறொருவர் தாங்கிப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்டச் செய்யும் முறை. பல குடும்பங்களுக்கு அது பெரும் நம்பிக்கை தந்தது. தாங்கிப் பிடிப்பவருக்கு ஒரு படமும் பேச முடியாதவருக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தபோது, வந்த விடை தாங்கிப் பிடிப்பவர் பார்த்த படத்தின் பெயர். சொற்கள் பேச முடியாதவருடையவை அல்ல என்று தெரிந்தது. மறுபக்கம், படப்பலகை, பேசும் கருவி போன்ற மாற்றுத் தொடர்பு வழிகளைக் கொடுத்தால் குழந்தை பேச்சையே விட்டுவிடும் என்று பெற்றோர் அஞ்சுவார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. பல குழந்தைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடவும் செய்கிறது. இவை இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் குடும்பங்களின் வருடங்களை வீணடித்துவிடுவார்.

சரி, எந்தப் பல்கலைக்கழகம்? பாடத்திட்டங்களை அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள், அவை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். கிளினிக்கைப் பாருங்கள். அமெரிக்காவில், 1925இல் தொடங்கிய ஆஷா (ASHA) என்ற அமெரிக்கப் பேச்சு-மொழி-செவிச் சங்கத்தின் சான்றிதழுக்கு 400 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் 25 மணி பார்வையாளராக, 375 மணி நேரடியாக நோயாளிகளோடு. பட்டத்துக்குப் பிறகு குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேரம் வழிகாட்டியின் கீழ் வேலை. மற்ற நாடுகளில் கணக்கு வேறு, தத்துவம் ஒன்றுதான். எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த மணி நேரத்தை நிரப்பிவிடும். அந்த நேரத்தில் உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். என்னை மறுபடி படுக்கைக்கு அழைத்துப்போன அந்த ஒருவர் இல்லையென்றால், 400 மணி நேரமும் நான் அதே தவறைச் செய்திருப்பேன்.

ஆகவே சேர்வதற்கு முன் இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். ஒரு அமர்வு முடிந்ததும் மேற்பார்வையாளர் உட்கார்ந்து பேசுகிறாரா, அல்லது படிவத்தில் மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிறாரா என்று கேளுங்கள். பயிற்சி இடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்கிறதா, மாணவரே அலைய வேண்டுமா என்று கேளுங்கள். இணையவழிப் படிப்பு என்றால் இதுதான் முதல் கேள்வி. பெரியவர்கள் மருத்துவமனையில் எல்லோருக்கும் இடம் கிடைக்கிறதா, விழுங்குதல் காணொளிகளை மாணவர்கள் தாங்களே பகுப்பாய்வு செய்கிறார்களா, வெறுமனே பார்க்கிறார்களா? திக்குவாய் உள்ள ஒருவரையாவது படிப்பு முடிவதற்குள் சந்தித்தார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும்.

இன்னொரு கேள்வி எனக்கு மிக முக்கியம்: இரண்டு மொழி பேசும் குழந்தைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள்? சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசுபவர்களை வைத்து அளவிடப்பட்டவை. மொழிபெயர்த்தால் அளவுகள் செல்லாது. வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டி வரும் தமிழ் போன்ற மொழியில் குழந்தை செய்யும் பிழையே வேறு மாதிரி இருக்கும். இரண்டு மொழி கேட்டு வளர்வது மொழிக் கோளாறை உண்டாக்காது. ஆனாலும் வீட்டு மொழியை நிறுத்திவிடுங்கள் என்று ஆலோசனை பெற்று, பாட்டியோடு பேச முடியாமல் போன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். வேறுபாட்டையும் கோளாறையும் பிரிக்கச் சொல்லித்தராத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

மற்றவை சுருக்கமாக. வேறு பட்டத்திலிருந்து வருபவர்கள் முன்தேவைப் பாடங்கள் சிலவற்றை முடிக்க வேண்டியிருக்கும்: பேச்சு, செவி உடற்கூறியல், செவியியல் அறிமுகம், குழந்தை மொழி வளர்ச்சி, புள்ளியியல், கொஞ்சம் உயிரியலும் இயற்பியலும். இதற்கு ஒரு வருடம் கூடுதலாக ஆகலாம். அமெரிக்காவில் பணி செய்ய முதுகலை அவசியம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா போன்ற இடங்களில் இந்தத் துறையின் இளங்கலையே பணிக்கு வழி தரும். ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது, ஆகவே எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆய்வேடு எழுதும் வாய்ப்பு இருந்தால், முனைவர் பட்ட எண்ணம் இருப்பவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்குக் கிளினிக் நேரமே பெரிது. 31 வயது தாமதமே இல்லை. எழுபது வயதுக்காரர் தன் பயத்தைச் சொல்லத் திணறும்போது, கொஞ்சம் வாழ்ந்து பார்த்தவர் பொறுமையாகக் காத்திருப்பார். ஆனால் இரண்டாம் வருடம் முழுநேரப் பயிற்சி, பெரும்பாலும் சம்பளம் இல்லாமல். வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்ற கணக்கில் இறங்காதீர்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். தெரிந்த வீட்டில், பெற்றோர் அனுமதியோடு, மூன்று நான்கு வயதுக் குழந்தை ஒன்று விளையாடும்போது பேசுவதை ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு ஒலியையும், குழந்தை சொன்னது சொன்னபடியே, ஒலிப்பெழுத்தில் எழுதுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அப்புறம் பதிவை அழித்துவிடுங்கள். நோக்க அறிக்கையில் பிறருக்கு உதவும் ஆசையைப் பற்றிய பத்திகளைக் குறைத்துக்கொண்டு, குழந்தையின் பெயர் சொல்லாமல், அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் கவனித்த ஒன்றை எழுதுங்கள். தேர்வுக் குழுவில் உட்காரும்போது விண்ணப்பங்களில் நான் தேடுவது அதைத்தான்.